8 அணைகள், 11 கால்வாய்கள், ஒரு தரவுத்தளம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் நீச்சல், ஓவியம், கராத்தே முகாம்களோடு கணினி முகாம்களும் வந்துவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் அவற்றில் இணையதளம் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் வண்ணம், எழுத்துரு, நகரும் படம் என்று தொடங்கி அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. தரவுத்தளத்தின், அதாவது ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாகச் சேமித்த தகவல் தொகுப்பின், மேல் இயங்கும் இணையதளத்தை இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்பதும், அதற்குத் திரையை விட்டுவிட்டு அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் இத்தகைய முகாம்களில் பாடம் நடத்திவரும் என் கருத்து.

அட்டவணை என்றால் எதைப் பற்றிய அட்டவணை? பாடநூல்களில் வழக்கமாக மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் வரும். அதில் பிள்ளைகளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆகவே கேட்கவும் எதுவும் இல்லை. நம் வட்டாரத்திலோ தாமிரபரணியே ஒரு முழுத் தரவுத்தளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் 11. சுத்தமல்லி அணையிலிருந்து திருநெல்வேலி கால்வாய் ஒன்றுதான் பிரிகிறது. மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு பிரிகின்றன. ஒவ்வொரு கால்வாயும் வரிசையாகப் பல குளங்களை நிரப்பிக்கொண்டு போகிறது. ஓர் அணைக்குப் பல கால்வாய், ஒரு கால்வாய்க்குப் பல குளம் என்னும் இந்த உறவைத்தான் தரவுத்தளப் பாடத்தில் ஒன்றுக்குப் பல என்கிறார்கள். ஒரு குளத்துத் தண்ணீர் பல ஊர் வயல்களுக்குப் பாய்வதும், ஓர் ஊர் வயல்கள் பல குளங்களை நம்பியிருப்பதும் பலவற்றுக்குப் பல என்னும் உறவு. அதற்கு இடையில் தனியாக ஓர் இணைப்பு அட்டவணை வேண்டும். பிளஸ் டூ மாணவர்களையே திணறடிக்கும் இந்தப் பகுதியை, குளத்தங்கரையில் வளர்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் சாக்பீஸை வாங்கிக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிடுகிறாள்.

முதல் சில நாட்கள் கணினியைத் தொடாமல் பிள்ளைகளை ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்புவோம். "கம்ப்யூட்டர் கிளாஸ்னு சொல்லிட்டுக் குளத்தங்கரைக்கு அனுப்புதீகளே சார்" என்று பெற்றோர் கேட்பது உண்டு. அது நியாயமான கேள்விதான். விடை பிள்ளைகளின் நோட்டில் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் எவ்வளவு என்று ஒரு பையன் கேட்டால், "ஏலே, எந்த வருசத்தக் கேக்க? போன வருசமா, வெள்ளம் வந்த வருசமா? காருக்கா, பிசானத்துக்கா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்கிறார். காரும் பிசானமும் நம் பக்கத்து நெல் பருவங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர் வேறு எப்படிக் கேட்பார்? அந்த ஒரு கேள்வியில், தண்ணீர் நிலை என்பது குளத்தின் நிலையான பண்பன்று, குளம், ஆண்டு, பருவம் மூன்றும் சேர்ந்த இடத்தில் மட்டுமே பொருள்படும் செய்தி என்பது பையனுக்குப் புரிந்துவிடுகிறது. குளங்களின் அட்டவணையிலிருந்து அந்தக் கட்டம் நீங்கி, நீர்நிலை என்று தனி அட்டவணை பிறக்கிறது. வயலின் அளவைக் கேட்டால் ஒருவர் ஏக்கரில் சொல்வார், மற்றொருவர் விதையின் அளவைக் கொண்டு நிலத்தை அளக்கும் கோட்டை விதைப்பாட்டில் சொல்வார். எண்ணை ஒரு கட்டத்திலும் அலகை மற்றொரு கட்டத்திலும் வைக்க வேண்டிய தேவை அப்போது வருகிறது. குளம் வறண்டிருந்தால் சுழி. விவரம் கிடைக்காவிட்டால் கட்டம் காலியாக, கணினி மொழியில் நல் என்று, இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் பிறகு எடுக்கும் சராசரி எல்லாம் பொய்யாகிவிடும்.

சேகரித்தவற்றை முதலில் ஒரே பெரிய தாளில் எழுதச் சொல்வோம். ஒரு குழு கன்னடியன் கால்வாய் என்று எழுதும், அடுத்த குழு கன்னடியன் கால் என்று எழுதும், மூன்றாவது குழு கன்னடியன் சானல் என்று எழுதும். அதை அப்படியே கணினியில் ஏற்றி, எத்தனை கால்வாய்கள் என்று, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் கேட்டால், 11 வர வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய எண் வந்து நிற்கும். ஒரு செய்தி ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதற்கு நாம் கொடுத்த எண் மட்டும் போதும் என்று அதன் பிறகு சொன்னால் யாரும் மறுப்பதில்லை. இந்த அட்டவணை முறைக்கு அடிப்படை வகுத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட்; அவருடைய கட்டுரை 1970இல் வெளிவந்தது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரல் எழுதப் பைதான் மொழி, அதில் இணையதளம் செய்ய ஃபிளாஸ்க், தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் என்று மூன்றையும் பயன்படுத்துகிறேன். பைதானும் எஸ்க்யூஎல்லும் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே இருப்பதால் முகாமில் கற்றது பள்ளிக்கும் உதவும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்க்யூலைட்டுக்குத் தனி சர்வர் தேவையில்லை. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு என்பதால் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த இலவச லேப்டாப்பிலும் ஓடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதி எழுதியது ஒட்டிக்கொண்டு நிற்காது. முழுதாகப் பதிந்திருக்கும், அல்லது பதியவே செய்யாது. மே மாத மின்வெட்டில் இதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் அட்டவணைகளுக்கு இடையிலான உறவைக் காக்கும் ஃபாரின் கீ சோதனை அதில் இயல்பாக அணைந்தே இருக்கும்; ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் அதை இயக்கியாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் இணையப் பக்கம். நூறு குளங்களுக்கு நூறு பக்கங்கள் எழுத வேண்டியதில்லை. ஒரு பக்க அச்சை எழுதி, முகவரியின் கடைசியில் குளத்தின் எண்ணை வைத்தால், கேட்ட நொடியில் அந்தக் குளத்தின் பக்கம் உருவாகிறது. 7 இருந்த இடத்தில் 8 என்று மாற்றி நயினார்குளம் வந்து நிற்பதைக் கண்டவுடன் பிள்ளைகள் முகவரியைக் குடைய ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவன் 9999 என்று தட்டுவான். இல்லாத குளத்துக்கு என்ன காட்டுவது என்று அப்போது தீர்மானிக்க வேண்டும். இன்னொருவன் தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுப் பக்கத்தையே முறித்துவிடுவான். பயனர் தட்டியதை எஸ்க்யூஎல் வரியோடு அப்படியே ஒட்டியதன் விளைவு அது. வரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்துவிட்டு மதிப்பைத் தனியாக அனுப்பும் முறையைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான வேளை இல்லை. முறித்தவனைக் கடிந்துகொள்ளக் கூடாது. அடுத்த குழுவின் தளத்தைச் சோதிக்கும் வேலையை அவனிடமே கொடுக்க வேண்டும்.

தமிழில் தரவு ஏற்றும்போது ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லாத சிக்கல்களும் வருகின்றன. திருநெல்வேலி என்னும் பெயர் நம் கணக்கில் ஆறு எழுத்து. நீளம் கேட்டால் பைதான் 12 என்கிறது. யுடிஎஃப் 8 என்னும் சேமிப்பு முறையில் வைத்தால் 36 பைட் ஆகிறது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தனித்தனிக் குறியெண் இருப்பதே காரணம். பெயர்களை வரிசைப்படுத்தினால் எஸ்க்யூலைட் அந்தக் குறியெண் வரிசையையே பின்பற்றும். அதில் றன்னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும், வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடும். அகராதி வரிசை வேண்டுமானால் அதற்கான விதியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழாசிரியரையும் முகாமுக்கு அழைக்க இது ஒரு நல்ல காரணம்.

தளத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். விவரம் சொன்ன பெரியவர்களின் செல்பேசி எண், வீட்டு முகவரி, பிள்ளைகளின் படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் இயற்றப்பட்ட சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குளத்தைப் பற்றிய தளத்துக்கு அவை தேவையே இல்லை.

முகாம் முடிந்ததும் தளம் கிடப்பில் போய்விடாதா என்று கேட்கலாம். கார் பருவமும் பிசானமும் ஆண்டுதோறும் வருவதால் நீர்நிலை அட்டவணைக்குப் புதிய வரிகள் வந்துகொண்டே இருக்கும். அடுத்த மே மாதம் சேரும் பிள்ளைகள் அவற்றைக் கேட்டு வந்து ஏற்றினால் போதும், அணைகளின் அட்டவணையை அவர்கள் தொடவே வேண்டியதில்லை.

வணக்கம்.