ஐந்து ஊருக்கு ஒரு நர்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். நர்சிங் கல்லூரியில் சமுதாயச் செவிலியப் பாடம் நடத்துபவள் நான். புதிதாக வரும் மாணவிகளிடம் முதல் நாளே ஆப்பிரிக்க வரைபடத்தைக் கொடுத்து, காம்பியா எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்வேன். சுலபத்தில் கண்ணில் படாது. மேற்குக் கடற்கரையில், செனகல் நாட்டுக்குள் செருகிய குச்சி மாதிரி ஒரு துண்டு நிலம். நடுவில் காம்பியா ஆறு, அதன் இரு கரையும்தான் நாடு. நீளம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அகலம் அதிகபட்சம் ஐம்பது. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலேயே மிகச் சிறிய நாடு இதுதான். 1965-இல் விடுதலை பெற்றது.

இந்தச் சின்ன நாட்டை நான் ஏன் பாடமாக எடுக்கிறேன் என்றால், செவிலியரின் வேலை எது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் எனக்கு வேறு தெரியவில்லை.

1978-இல் அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகள், எல்லோருக்கும் அடிப்படைச் சுகாதாரம் என்று அறிவித்தன. அறிவித்த நாடுகள் பல. அடுத்த ஆண்டே திட்டம் போட்டு இறங்கிய நாடுகளில் காம்பியாவும் ஒன்று. நானூறு பேருக்கு மேல் இருக்கும் ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவரை அங்கே அல்காலோ என்பார்கள். அவரும் ஊராரும் கூடிப் பேசி இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கிராமச் சுகாதாரப் பணியாளர், பெரும்பாலும் ஆண். இன்னொருவர், ஏற்கெனவே ஊரில் பிரசவம் பார்த்து வந்த மருத்துவச்சி. இருவருக்கும் சில வாரப் பயிற்சி கொடுத்து, கொஞ்சம் மருந்தும் கொடுத்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், காயத்துக்குக் கட்டு, இந்த அளவுதான். அரசுச் சம்பளம் கிடையாது. பணியாளரின் வயலில் ஊரார் வேலை செய்து கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது.

சரி, இதுவரை சொன்னது பல நாடுகளிலும் நடந்ததுதான். காம்பியா கூடுதலாகச் செய்த ஒன்று உண்டு. ஏறத்தாழ ஐந்து ஊருக்கு ஒருவர் என்று சமுதாயச் செவிலியரை அமர்த்தியது. அவர்களைத் தயார் செய்வதற்கென்றே மன்சாகொங்கோ என்ற ஊரில் ஒரு பள்ளி நடந்தது. அந்தச் செவிலியர் தலைநகர் பஞ்சுலில் இருந்துகொண்டு அறிக்கை கேட்பவர் இல்லை. தன் ஐந்து ஊர்களில் ஒன்றிலேயே குடியிருந்து, மற்ற ஊர்களுக்குச் சுற்றி வருபவர்.

வந்து என்ன செய்வார்? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. பணியாளரின் பதிவேட்டைத் திறந்து, போன தடவைக்குப் பிறகு யார் யார் காய்ச்சலோடு வந்தார்கள், எத்தனை மாத்திரை கொடுத்தார் என்று கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெட்டியில் மீதி எவ்வளவு என்று எண்ண வேண்டும். கணக்கு இடித்தால் திட்டக் கூடாது, ஏன் இடித்தது என்று கேட்க வேண்டும். மருத்துவச்சியோடு போய் நிறைமாதக்காரியின் கால் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, இந்தப் பிரசவத்தை நீங்கள் பார்க்க வேண்டாம், சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள் என்று அவருடைய மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அந்த மருத்துவச்சிக்குத் தன் தாய் வயது இருக்கும். எடுத்துச் சொல்லும்போது மரியாதையும் குறையக் கூடாது, விஷயமும் குறையக் கூடாது. எந்தப் பரீட்சையிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் நான் என் மாணவிகளிடம் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இதனால் பலன் இருந்ததா என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். வடகரையில் பராபென்னி என்ற ஊரைச் சுற்றி ஏறத்தாழ 40 கிராமங்களில், பதினைந்து ஆண்டுகளாகப் பிறப்பையும் இறப்பையும் விடாமல் குறித்து வந்தார்கள். திட்டம் இருந்த ஊர்களில் 1982-83-இல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 134 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 1992-94-இல் அது 69 ஆயிற்று. திட்டம் இல்லாத சின்ன ஊர்களிலும் 155-இலிருந்து 91 ஆகக் குறைந்தது. தடுப்பூசி எல்லா ஊருக்கும்தானே போனது. அதனால் முழுப் பெருமையையும் கிராமத் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது.

அதற்குப் பிறகு வந்த எண்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. 1994-க்குப் பிறகு மேற்பார்வை தளர்ந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, வெளிநாட்டு உதவிகளும் சுருங்கின. ஊரில் பணியாளர் இருந்தார், மருத்துவச்சி இருந்தார், தளர்ந்தது செவிலியரின் சுற்று. திட்டம் இருந்த ஊர்களில் 69 ஆக இறங்கிய எண், 1994-96-இல் 89 ஆக ஏறியது. திட்டமே இல்லாத ஊர்களில் அதே காலத்தில் அது 78 ஆக இறங்கியது. இரண்டு மூன்று ஆண்டு எண்களை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடக் கூடாதுதான். ஆனாலும் கூடப்போன அந்த இருபது என்பது ஆயிரத்துக்கு இருபது குழந்தைகள். இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் கொசுவலைக் கதை. காம்பியாவின் கிராமங்களில் வலைக்குள் தூங்குவது திட்டங்கள் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். அந்த வலையைப் பூச்சி மருந்தில் முக்கி எடுத்தால் என்ன என்று 1980-களின் கடைசியில் சோதித்தார்கள். கிராமப் பணியாளர்கள் ஏற்பாடு செய்ய, பெண்கள் தங்கள் வீட்டு வலைகளைக் கொண்டுவந்து முக்கி உலர்த்தினார்கள். ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்பு அந்த ஊர்களில் 63 சதவீதம் குறைந்தது என்று 1991-இல் வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 1992-இல் அதையே தேசியத் திட்டமாக்கினார்கள். முதல் ஆண்டு மருந்து இலவசம், சுமார் 80 சதவீத வலைகள் முக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வலைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை கேட்டார்கள். 14 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. மழைக்காலத்தில்தான் மலேரியா அதிகம். அதே மாதங்களில்தான் பழைய விளைச்சல் தீர்ந்து வீட்டில் தானியமும் காசும் இருக்காது. அந்த நேரத்தில் காசு கேட்டால் ஒரு தாய் எங்கே போவாள்?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல், சளி சிரப்புகளில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததை உலகச் சுகாதார நிறுவனம் அந்த அக்டோபரில் அறிவித்தது. அந்தச் சிரப்புகள் நம் இந்தியாவில் தயாரானவை. மருந்தின் தரத்தைச் சோதிக்க ஓர் ஆய்வகம்கூட அப்போது அந்த நாட்டில் இல்லை. காய்ச்சல் வந்தால் நிலையத்துக்கு வாருங்கள், கொடுக்கும் மருந்தை நம்பிக் கொடுங்கள் என்று நாற்பது ஆண்டுகளாகத் தாய்மாரிடம் சொல்லி வந்தவர்கள் செவிலியர்கள்தான். அதற்குப் பிறகு அவர்கள் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் நாட்டிலிருந்து போன மருந்து என்பதால் எனக்கு அந்த வலி இன்னும் அதிகம்.

பராபென்னிக்கு அருகே ஆற்றின் மேல் 2019-இல் பெரிய பாலம் திறந்துவிட்டார்கள். அதற்கு முன் வடகரையிலிருந்து ஒரு கர்ப்பிணியை அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும், இரவில் வலி வந்தால் விடியும்வரை பல்லைக் கடிக்க வேண்டும். இப்போது வண்டி நேரே போய்விடும். பாலம் வரைக்கும் அவளைக் கொண்டுவர ஊரில் ஓர் ஆள் வேண்டும், கிளம்ப வேண்டிய நேரம் இதுதான் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு செவிலியர் அங்கே வந்து போயிருக்க வேண்டும்.