பீர் கம்பெனிக்கு எதுக்குங்க அரண்மனை?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரு ஆபீஸ் கட்டடத்தைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன், அதுவும் பீர் கம்பெனி ஆபீஸ். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

இங்கிலாந்துல ட்ரென்ட் ஆத்தங்கரையில நியூவார்க்னு ஒரு ஊர். சுத்துப்பட்டுல பார்லி விளையும், அதை மால்ட் ஆக்குற, அதாவது ஊறவெச்சு முளைகட்டிக் காயவைக்கிற தொழில் அங்க ரொம்ப காலமா உண்டு. அந்த ஊர்ல ஹோல்னு ஒரு கம்பெனியோட காசில் ப்ரூவரி, ப்ரூவரின்னா பீர் காய்ச்சுற ஆலை. அதுக்கு 1882-ல ஆபீஸ் கட்டினவர் வில்லியம் பிராட்ஃபோர்டு, ப்ரூவரி கட்டுறதையே பொழப்பா வெச்சிருந்த லண்டன் ஆர்க்கிடெக்ட். லூயிஸ் ஊர்ல இருக்க ஹார்வீஸ், ஹூக் நார்ட்டன்ல இருக்க டவர் ப்ரூவரி எல்லாம் இவர் கைவேலைதான்.

முதல்ல ப்ரூவரியைப் பாத்துருவோம். அந்தக் காலத்து டவர் ப்ரூவரி எப்படின்னா, தண்ணியையும் மால்ட்டையும் உச்சி மாடிக்கு ஏத்திடுவாங்க, ஹூக் நார்ட்டன்ல அதுக்குன்னே 1899-ல செஞ்ச ஒரு ஸ்டீம் இன்ஜின் இன்னும் இருக்கு, அப்புறம் ஊறவைக்கிறது, ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூ போட்டு கொதிக்கவைக்கிறது, ஆறவைக்கிறது, புளிக்கவைக்கிறதுன்னு ஒவ்வொரு மாடியா தானா இறங்கி வந்து கீழ பீப்பாய்ல விழும். அதனால கட்டடம் ஏன் அவ்ளோ உயரம், ஜன்னல் ஏன் அந்த இடத்துலன்னு கேட்டா எல்லாத்துக்கும் வேலைதான் காரணம். ஆர்க்கிடெக்ட் அலங்காரம் பண்ணலாம் (பிராட்ஃபோர்டுக்கு இரும்புப் பூவேலைன்னா உசுரு), ஆனா அடிப்படை ஷேப்பை மாத்த முடியாது.

ஆபீஸுக்கு அந்தக் கட்டாயம் இல்ல பாருங்க. நாலு சுவரும் மேஜையும் போதும். ஆனா நியூவார்க்ல பிரெஞ்சு மறுமலர்ச்சி பாணியில கட்டினாங்க, அதாவது பிரான்ஸ் நாட்டு ராஜாக்கள் மாளிகைக்குப் போட்ட பாணி. பீப்பாய் கணக்கு எழுதுற குமாஸ்தாவுக்கு இது தேவையா?

எனக்குத் தோணுற காரணம் பப்ல, அதாவது உக்காந்து பீர் குடிக்கிற கடையில இருக்கு. 1869-ல பீர் கடை லைசென்ஸை மாஜிஸ்ட்ரேட் கையில குடுத்துட்டாங்க, புதுசா கடை போடுறது கஷ்டமாச்சு, இருக்கிற பப்புக்கு மவுசு ஏறிடுச்சு. ப்ரூவரிக்காரங்க என்ன பண்ணாங்க, பப்பை வாங்கிப்போட்டாங்க, இல்லன்னா நடத்துறவருக்குக் கடன் குடுத்து எங்க பீரைத்தான் விக்கணும்னு கட்டிப்போட்டாங்க. அப்போ ப்ரூவரி ஆபீஸ்ல வாடகை, கடன், ரிப்பேர், லைசென்ஸ்னு கணக்கு குவிஞ்சிடுச்சு, பாதி பேங்க்கு பாதி வீட்டு ஓனர்னு சொல்லலாம். போதாததுக்கு 1880-ல பிரதமர் கிளாட்ஸ்டன் வரியை மால்ட் மேல இருந்து தூக்கி பீர் மேல போட்டாரு, அந்தக் கணக்குக்கும் தனியா புத்தகம். 1886-ல கின்னஸ்ங்கற பெரிய பீர் கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்கு வந்ததும் மத்தவங்களும் வரிசையா பின்னாடி போனாங்க.

இந்த நிலைமையில கடன் கேட்டு வர்ற பப்காரரும் பணம் போட வர்றவரும் முதல்ல பாக்குறது கொதிக்கிற அண்டாவை இல்ல, ஆபீஸ் வாசலைத்தான். இன்னொன்னு, மது கூடாதுன்னு இயக்கம் பலமா நடந்த காலம் வேற. நாங்க சாராயக் கடைக்காரங்க இல்லய்யா, கௌரவமான ஆளுங்கன்னு கல்லுல சொல்ல வேண்டிய நெருக்கடியும் இருந்துச்சு. எனக்கு இந்த ஜம்பம் கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது, வேலைப்பாடு என்னவோ அருமை, அதுல குறை சொல்ல மாட்டேன்.

பின்னாடி பெரிய கம்பெனிங்க சின்னதையெல்லாம் விழுங்கின கதைதான் ஹோலுக்கும், கரேஜ்ங்கற பெரிய பீர் கம்பெனி அதை வாங்கி, அப்புறம் காய்ச்சுறதையே நிறுத்திட்டாங்க, இப்போ அந்த இடத்துல ஆளுங்க குடியிருக்காங்க. ஆபீஸை வீடாக்குறது சுலபம், அறையும் வெளிச்சமும் ஏற்கெனவே இருக்கு. அண்டாவுக்காகக் கட்டின டவரை என்ன பண்றதுன்னுதான் எல்லா ஊர்லயும் முழிக்கிறாங்க. ஹார்வீஸும் ஹூக் நார்ட்டனும் தப்பிச்சது அங்க இன்னும் பீர் காய்ச்சுறதால.