காசு கேட்டால் கொடுங்கள்

(புகைப்பட ஆர்வலர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

கியூபா போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் எடுத்துப்போகலாம் என்று. அடுத்தது, "அங்கே ஆளைப் படமெடுத்தால் காசு கேட்கிறார்களாமே, கொடுக்கலாமா?" லென்ஸை விடுங்கள், கையில் இருப்பதே போதும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொடுக்கலாம். தாராளமாகக் கொடுக்கலாம்.

நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. காசு கொடுத்தால் படத்தின் இயல்பு போய்விடுமாம். எதிர்ச்சாரியில் ஒளிந்துகொண்டு, ஜூம் போட்டு, ஆளுக்கே தெரியாமல் எடுத்தால் அது இயல்பாம், போட்டிக்கு அனுப்பலாமாம். எனக்கு இது ஒருநாளும் விளங்கியதில்லை. இன்னொருவர் முகத்தை வைத்து நாம் பரிசு வாங்கலாம், அவர் நாலு காசு வாங்கினால் மட்டும் கலை கெட்டுவிடுமா?

தலைநகர் ஹவானாவின் பழைய பகுதியில், பழைய ஹவானாவில், கதீட்ரல் சதுக்கத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த பளீர் நிறப் பாவாடை, கொண்டையில் பூ, கையில் பூக்கூடை, வாயில் தடித்த சுருட்டு என்று அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சுருட்டு பல நேரம் பற்றவைக்காத சுருட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை புகைத்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? வெள்ளை சூட்டும் தொப்பியுமாக, கைத்தடி வைத்துக்கொண்டு மைனர் மாதிரி சில பெரியவர்களும் நிற்பார்கள். "எல்லாம் வேஷம், டூரிஸ்ட்டை ஏமாற்றுகிறார்கள்" என்று நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

வேஷம்தான். அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த வேஷம். 2010இல் கியூப அரசு சொந்தத் தொழிலுக்கு அனுமதிக்கப்பட்ட 178 வேலைகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. முடிதிருத்துவது, பஞ்சர் ஒட்டுவது போன்றவற்றோடு, பழைய ஹவானாவில் அந்தக் காலத்துப் பெண்ணாகவும் மைனராகவும் உடுத்தி நிற்பதும் அதில் ஒரு தொழில். உரிமம் எடுக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். ஆக, அந்த அம்மா வேலை நேரத்தில் இருக்கிறார். கூலி கொடுக்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவுவது எந்த ஊர் நியாயம்?

இந்தத் தொழில் ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1991இல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உதவியும் நின்றுபோயின. அமெரிக்காவின் வர்த்தகத் தடை ஏற்கெனவே கழுத்தைப் பிடித்திருந்தது. நாடு சுற்றுலாவை நம்பியது. 2010களில்கூட அரசு வேலையில் சராசரி மாதச் சம்பளம் சுமார் 20, 30 டாலர்தான். நம் தோளில் தொங்கும் கேமராவின் விலையை இதோடு வகுத்துப் பாருங்கள். நான் வகுத்துப் பார்த்தேன், அதற்கப்புறம் பேரம் பேச வாய் வரவில்லை.

கியூபா இருக்கும் கரீபியன் தீவுகளில் முகம் விற்பனைச் சரக்கானது நேற்றைக்கு அல்ல. 1891இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து வாலன்டைன் நிறுவனம் அந்தச் சமயத்தில் தீவைப் படமெடுத்தது. தலையில் கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள், வாழைத்தார் சுமப்பவர்கள் என்று இப்படிப்பட்ட காட்சிகள் அஞ்சலட்டைகளாக உலகமெல்லாம் போயின. டிரினிடாடில் ஃபெலிக்ஸ் மோரின் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தார். கை நிறைய வெள்ளி வளையலும் மூக்குத்தியுமாக அவர் எடுத்த இந்தியப் பெண்களின் படங்கள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன குடும்பங்களின் பெண்கள் அவர்கள். கல்கத்தா வழியாகப் போனவர்களே அதிகம் என்றாலும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அட்டையில் அச்சிட்டவர் பெயர் இருக்கும். நிற்கிற பெண்ணுக்குப் பெயர் இருக்காது, 'கூலிப் பெண்' என்று மட்டும் இருக்கும். அப்படியொரு கடலோரத்தில் ஒருவர் கையை நீட்டி "எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்டால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

படம் எடுப்பவர்களுக்கு மட்டும் கோபம் வராதா? வரும். கியூபப் புகைப்படக்காரர் அல்பெர்த்தோ கோர்டா 1960 மார்ச் 5ஆம் தேதி ஹவானாவில் எடுத்த சே குவேராவின் படம் உங்கள் டீ-ஷர்ட்டில்கூட இருக்கலாம். போஸ்டர் போஸ்டராக அது உலகம் சுற்றியும் கோர்டாவுக்கு ராயல்டி என்று எதுவும் வரவில்லை. அவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் ஒரு வோட்கா விளம்பரத்தில் அந்த முகத்தைப் போட்டபோது, 2000இல், வழக்குப் போட்டார். சமரசமாகக் கிடைத்த 50,000 டாலரைக் கியூப மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார். தன்னைக் கேட்காமல் தன் படத்தைக் கண்டபடி பயன்படுத்தினால் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புரிந்தது. படத்தில் இருப்பவருக்கும் அதே கோபம் வரலாம் என்பதுதான் நம் மண்டையில் ஏறுவதில்லை.

காசு கொடுத்தால் எல்லாம் எடுக்கலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹவானா தெருவில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, குடைகூட வெள்ளையாகப் பிடித்து நடப்பவர்களைப் பார்ப்பீர்கள். சாந்தேரியா மதத்தில் புதிதாகத் தீட்சை பெற்றவர்கள், இயாவோ என்பார்கள். ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் அடிமைகளாக வந்தபோது கொண்டுவந்த வழிபாட்டின் தொடர்ச்சி அது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் மாதிரி விரதத்தில் இருப்பவர்கள், ஆனால் ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் அவர்களைப் படமெடுக்கக் கூடாது. தொடக்க மாதங்களில் பிறர் கையிலிருந்து நேராக எதையும் வாங்கவும் மாட்டார்கள். நோட்டை நீட்டினால் இன்னும் அபத்தம். இடிந்த சுவருக்கு முன்னால் அந்த வெள்ளை எவ்வளவு அழகாக விழும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேமராவைக் கீழே இறக்குங்கள்.

நகரத்தின் நடுப்பகுதியான சென்ட்ரோ ஹவானாவில் ஒரு சந்து. வாசற்படியில் பனியன்கூட இல்லாமல் ஒரு பெரியவர் விசிறிக்கொண்டிருந்தார். பின்னால் நீலச் சாயம் உரிந்த கதவு. காலை வணக்கம் சொன்னேன், கேமராவைக் காட்டி எடுக்கலாமா என்றேன். அவர் ஒரு விரலை உயர்த்தி இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். இஸ்திரி போட்ட கட்டம்போட்ட சட்டை, ஈரம் தொட்டு வாரிய தலையோடு வந்தார். உரிந்த கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய், மகளின் கல்யாணப் படம் தொங்கும் சுவருக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றார். டியூப் லைட் வெளிச்சம், தட்டையான படம். எந்தப் போட்டியிலும் முதல் சுற்று தாண்டாது. அவர் தன்னைக் காட்ட நினைத்த படம் அதுதான், ஆகவே அதைத்தான் எடுத்தேன். காசு கேட்கவில்லை. காபி கொடுத்தார். வாட்ஸ்அப் நம்பர் கொடுத்தார், அன்று ராத்திரியே அனுப்பிவிட்டேன். 2018 கடைசியில் மொபைல் இன்டர்நெட் வந்தபிறகு அங்கே இதெல்லாம் சுலபம்.

கிளம்புவதற்கு முன் ஒன்றிரண்டு விஷயம். சில்லறை நோட்டுகளாகக் கியூப பெசோ வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பதைப் படத்துக்கு முன்னால் கேளுங்கள், எடுத்தபிறகு கேட்டால் சண்டைதான். போலீஸையும் ராணுவத்தையும் எடுக்க வேண்டாம். முடிந்தால் இன்ஸ்டாக்ஸ் போல ஒரு உடனடி கேமராவும் கொண்டுபோங்கள், கையில் கிடைக்கும் படத்துக்கு அங்கே மவுசு அதிகம். ஃபிலிமை இங்கேயே வாங்கிக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட்டால் எக்ஸ்ரேயில் பாழாகிவிடும். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.