முகப்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க்கரைச் செங்கல் வீடுகளைப் பற்றிப் பேசினீர்கள். அவற்றை விடுதியாகவோ அலுவலகமாகவோ மாற்றும்போது, தெருவில் தெரியும் முகப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினால் என்ன குறைந்துவிடும்?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எது எதைச் சுமக்கிறது என்று பாருங்கள். தொடர்ந்து கேட்பவர்களுக்கு இது பழகிய பல்லவிதான், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். இதோ, மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களை நிமிர்த்தி வைக்கிறேன். குறுக்கே நாலு பென்சில். முன்னால் ஓர் அட்டை. அட்டையை எடுக்கிறேன், பென்சில்கள் அசையவில்லை. ஒரு புத்தகத்தை நகர்த்துகிறேன், எல்லாம் விழுந்துவிட்டது. அந்த வீடுகளிலும் உத்திரங்களைத் தாங்குவது பக்கச்சுவர்கள்தான். முகப்புக்குப் பெரிய சுமை கிடையாது. அத்தனை பெரிய சன்னல்கள் வைக்க முடிந்ததும் அதனால்தான். செங்கல் மேல் கறுப்பாக இரும்புப் பட்டைகள் தெரியுமே, அவை அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முகப்பு வெளியே சரியாமல் உள்ளே இருக்கும் மரத்தோடு பிடித்து நிறுத்துகிற இரும்பு அது. ஆக, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் சுவரையே அந்த வீடுதான் பிடித்து வைத்திருக்கிறது!

அந்த ஊர் நிலம் இளகிய நிலம். வீடுகள் தரையில் அறைந்த மரக்கம்பங்கள் மேல் நிற்கின்றன. உள்ளே கான்கிரீட்டை ஏற்றினால் கம்பங்களின் கணக்கு மாறிவிடும், பக்கத்து வீடும் சேர்ந்து அவதிப்படும். விடுதி என்றால் அறைக்கு ஒரு குளியலறை வேண்டும். அப்புறம் குழாய்க்காக உத்திரத்தைக் குடைவார்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையில் ஈரம் ஏறினால் மரம் அங்கேதான் முதலில் மக்கும்.

சரி, வேறு மாதிரி சொல்கிறேன். பிரின்சென்கிராக்ட் என்ற கால்வாய்க்கரைத் தெருவில் 263-ஆம் எண் வீடு 1635-இல் கட்டியது. 1940-இல், நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் பிராங்கின் தந்தை தன் நிறுவனத்தை அங்கே கொண்டுவந்தார். ஆனும் குடும்பத்தாருமாக எட்டுப் பேர் நாஜிகளுக்குத் தெரியாமல் 1942 முதல் 1944 வரை ஒளிந்திருந்தது முன்வீட்டில் அல்ல, பின்கட்டில். அதன் வாசலை ஒரு புத்தக அலமாரி மறைத்திருந்தது. 1950-களில் அந்த வீட்டை இடிக்கத் திட்டம் போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியதால் தப்பியது. 1960-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அன்று முகப்பை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால்? எந்த இடத்தைத் தேடி இன்று மக்கள் வருகிறார்களோ, அதுவே இருந்திருக்காது.

உள்ளே கையே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஊரில் யான் ஹார்ட்மன் என்ற வணிகர் 1661-இல் ஒரு வீடு வாங்கினார். கத்தோலிக்கர்கள் வெளிப்படையாக வழிபட முடியாத காலம் அது. வீட்டையும் பின்னால் இருந்த கட்டுகளையும் சேர்த்து, மேல்தளங்களை வெட்டித் திறந்து, பரணில் ஒரு தேவாலயமே அமைத்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. அது 1888-லிருந்து அருங்காட்சியகம். பக்கச்சுவர், உத்திரம், படிக்கட்டு எல்லாம் எப்படிப் போகின்றன என்று தெரிந்துகொண்டு வெட்டிய வெட்டு அது. இன்றைக்கும் அந்த ஒடுங்கிய படிகளில் ஏறித்தான் வழிபாட்டுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

நீங்கள் வேறொன்றைக் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன்: புதுத் தேவைகளில் எதை வீட்டுக்குள் கொண்டுவரலாம், எதை வெளியே வைக்கலாம்? ஆன் பிராங்க் வீட்டில் சிற்றுண்டியகம், புத்தகக் கடை, நுழைவாயில் எல்லாவற்றையும் ஒட்டினாற்போல் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றி 1999-இல் திறந்தார்கள். பரண் தேவாலயத்துக்கோ 2015-இல் எதிர்ப்பக்க வீட்டில் நுழைவாயில் வைத்து, தரைக்கு அடியில் வழி போட்டார்கள்.