யானை எங்கே நிற்கிறது?

(மருதமலை அடிவாரக் குடியிருப்பு ஒன்றில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே! உள்ளே நுழையும்போதே ஓர் அம்மா கேட்டுவிட்டார்: "யானை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, அம்மா. வந்த யானை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வழி சொல்ல முடியும். நான் வால்பாறைக்காரன்.

எங்கள் மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாகச் சோலை, சுற்றிலும் காடு. பகலெல்லாம் சோலையிலும் ஆற்றோரத்திலும் ஒதுங்கி நிற்கும் யானை, இருட்டியதும் தேயிலைக்குள் இறங்கும். கடைசி பஸ்ஸில் வந்தவர் பையும் கையுமாக லயன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நடப்பதும் அந்த நேரத்தில்தான். வளைவு, மூடுபனி, இருட்டு. அங்கே யானையிடம் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அதைச் சீண்டியவர்கள் அல்லர். நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள்.

இயற்கை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து எளிய வேலை ஒன்றைச் செய்தார்கள். யானை நிற்கும் இடத்தை உள்ளூர் கேபிள் டிவியில் ஓடவிட்டார்கள், குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 2011 முதல் உயரக் கம்பங்களில் சிவப்பு விளக்கும் வந்தது. பக்கத்தில் யானை இருந்தால், பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர் கைபேசியிலிருந்து அந்த விளக்கின் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், விளக்கு எரியும். பஸ்ஸில் வரும்போதே அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டவர், இறங்கியதும் தனியே நடக்கத் துணிவாரா? இந்தப் பணிக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் பன்னாட்டு விருதான விட்லி விருது கிடைத்தது.

உங்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் சுற்றிய யானை வீடியோவில் கொட்டுகிற மழை. உங்கள் தெருவிலோ புழுதி பறக்கிறது! எந்தத் தெரு, எத்தனை மணி என்று இரண்டு சொல் போதும். வீடியோ வேண்டாம்.

பட்டாசும் வேண்டாம். நீங்கள் விரட்டிய யானை அடுத்த தெருவுக்குத்தான் போகிறது. அங்கே டியூஷன் முடிந்து ஒரு பிள்ளை சைக்கிளில் வரும்; யானை வருகிறது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? பின்கட்டில் இருக்கும் அரிசி மூட்டையையும் தவிட்டையும் முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். சுவரை இடிக்க அந்த வாசனையே போதும்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து இந்த மண்டபம் வரை மூன்று தெருவிளக்குகள் எரியவில்லை. வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். திரும்பிப் போகும்போது நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள்.