அறுத்த தாளை நிற்க விடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து வயல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் சமையலறை மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு அங்கே விளைந்து வருகிறது.

அகல உழுவதை விட ஆழ உழு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சமவெளியில் இப்போது மண்ணைக் கிளறாமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உறைபனி விழாத நாட்கள் ஏறக்குறைய நூறு. மே மாதம் விதைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் அறுத்தாக வேண்டும். மழையும் குறைவு. எதைப் பேசினாலும் பேச்சு ஈரத்தில்தான் வந்து முடியும்.

எனக்குப் பிடித்த கதை ஒன்று, சொல்லாமல் விடமாட்டேன். இந்தியன் ஹெட் என்று ஓர் ஊர். நம் நாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1885-இல் லூயி ரியேல் தலைமையில் மேட்டி மக்கள், அதாவது பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள், அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்கப் போன படைக்குச் சாமான் இழுக்கக் குடியானவர்களின் குதிரைகள் போய்விட்டன. அவை திரும்புவதற்குள் விதைப்புப் பருவம் கைநழுவியது. விதைக்காமல் விட்ட நிலத்தைக் கோடையில் உழுது, களை முளைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் கடும் வறட்சி. சுற்றிலும் பயிர் கருகியது. தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் மட்டும் கோதுமை தேறியது. களை குடிக்காததால் முதல் வருஷத்து மழையில் கொஞ்சம் மண்ணுக்குள் மிச்சமிருந்தது, அவ்வளவுதான். இதைக் கவனித்த ஆங்கஸ் மெக்கே என்ற விவசாயியை, பிறகு அங்கே அமைந்த அரசுச் சோதனைப் பண்ணைக்கே கண்காணிப்பாளராக்கினார்கள். கோடைத் தரிசு என்பது வேதவாக்காகிவிட்டது.

சிக்கலும் அதில்தான் இருந்தது. களை தலைகாட்டும்போதெல்லாம் உழுதார்கள். மண் மாவானது. 1930களில் வறட்சியும் காற்றும் சேர்ந்து வர, மேல்மண் புழுதியாகப் பறந்தது. வெட்டுக்கிளி வேறு! பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் சார்லஸ் நோபல் என்பவர் அகலக் கத்தி ஒன்று செய்தார். அது மண்ணுக்கு அடியில் ஓடிக் களையின் வேரை அறுக்கும்; மேலே அறுவடைத் தாள், அதாவது அறுத்தபின் வயலில் மிஞ்சும் அடித்தண்டு, நின்றபடியே நிற்கும்.

அந்தத் தாளைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நிற்கிற தாள் பனிக்காலத்தில் வேலி போலப் பனியைப் பிடித்து வைக்கும். வசந்தத்தில் அது உருகி அங்கேயே இறங்கும். காற்றின் வேகத்தையும் தணிக்கும். இன்று பெரும்பாலோர் உழுவதே இல்லை. தாளுக்கு நடுவே கீறி, விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் இறக்கிவிடுகிறார்கள். தரிசு போட்ட இடத்தில் பருப்பும் பட்டாணியும் வந்தன.

சரி, உழாவிட்டால் களைக்கு என்ன வழி? விதைப்புக்கு முன் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைத் தெளிப்பார்கள். எல்லாரும் அதையே நம்பியதன் பலன் கோச்சியா என்ற களை. 2011-இல் தெற்கு ஆல்பர்ட்டாவில் எடுத்த செடிகள் அந்த மருந்துக்குச் சாகவில்லை. காய்ந்ததும் அடியில் முறிந்து, காற்றில் உருண்டு, போகிற வழியெல்லாம் விதை சிந்தும் செடி அது. ஆனால் அதன் விதை மண்ணில் ஓரிரு வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. ஆகவே மருந்தை மாற்றுவதோடு, பயிரை நெருக்கி விதைத்து, தப்பிய திட்டுகளை விதை கட்டும் முன் வெட்டிவிட்டால் பாதி சண்டை முடிந்தது. இதை இன்னும் பலர் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பூச்சிகளைத் தொடவே இல்லை, கடுகுக் குடும்பத்து எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவின் இளம் இலையைத் தத்துவண்டு சல்லடையாக்கும் கதை பெரிது. பருப்பின் வேரழுகலை மட்டும் சொல்லிவிடுகிறேன். அஃபனோமைசிஸ் என்ற கிருமி மண்ணில் பல வருஷம் உயிரோடிருக்கும், மருந்துக்கு ஒழியாது. அது வந்த வயலில் பருப்புக்கும் பட்டாணிக்கும் ஆறு முதல் எட்டு வருஷம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். விலை ஏறும்போது யார் விடுவார்கள்? நேரம் முடிந்தது, வணக்கம்.