மொன்டே கார்லோ டென்னிஸ் மொனாக்கோவில் நடப்பதே இல்லை!

[திரையில்: சிவப்புத் தரை மைதானம், அதன் பின்னால் நீலக் கடல்]

டென்னிஸ் பார்ப்பவர்கள் இந்தப் படத்தைக் கண்டதுமே சொல்லிவிடுவீர்கள்: மொன்டே கார்லோ மாஸ்டர்ஸ். ரஃபேல் நடால் 11 முறை கோப்பை வாங்கிய இடம். 2005-லிருந்து 2012 வரை தொடர்ந்து எட்டு வருடம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை மனிதர். பாவம் ஃபெடரர், நான்கு தடவை இறுதிப்போட்டிக்கு வந்தும் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

சரி, ஒரு கேள்வி. மொன்டே கார்லோ எந்த நாட்டில் இருக்கிறது? மொனாக்கோவில். அப்படியானால் இந்த மைதானம்?

பிரான்ஸில்!

வீடியோவை நிறுத்திவிட்டு மேப்பில் தேடிப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். மொன்டே கார்லோ கன்ட்ரி கிளப், 155, அவென்யூ பிரின்சஸ் கிரேஸ். மொனாக்கோவின் பின்கோடு 98000. இந்த விலாசத்தில் இருப்பது 06190. அது ரோக்ப்ரூன்-காப்-மார்ட்டான் என்ற பிரெஞ்சு ஊரின் பின்கோடு. தெருப்பெயர்கூட மாறவில்லை, நாடு மட்டும் மாறிவிட்டது.

[திரையில்: கடற்கரை ஓரமாக நடக்கும் காட்சி]

ஏப்ரலில் போட்டி நடக்கும்போது நான் அங்கே போயிருந்தேன். மொனாக்கோவின் லார்வோட்டோ கடற்கரையை ஒட்டியே நடந்தேன். எல்லை என்றால் ஒரு தடுப்பு, ஒரு போலீஸ்காரர், குறைந்தது தரையில் ஒரு மஞ்சள் கோடாவது இருக்கும் என்று நினைத்துத் தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை. அதே தார் ரோடு, அதே பனைமரங்கள். "பிரான்ஸுக்கு நல்வரவு" என்று போனில் மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது, நான் நாடு தாண்டி நாலு நிமிடம் ஆகிவிட்டது.

அந்த மெசேஜ் எனக்குச் செலவு வைத்த கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், மைதானம் ஏன் பிரான்ஸில் இருக்கிறது?

"மொனாக்கோ சின்ன நாடு, இடம் இல்லை" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சின்ன நாடுதான், சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். வாடிகனை விட்டால் உலகிலேயே சிறியது. ஆனால் அது பாதிக் கதை. மொனாக்கோ எப்போதும் இவ்வளவு சிறிதாக இருந்ததில்லை. அந்த மைதானம் இருக்கும் ரோக்ப்ரூனும், அதற்கு அடுத்த மாந்தோன் ஊரும் பல நூறு வருடங்கள் மொனாக்கோ இளவரசருக்குச் சொந்தமாக இருந்தவை.

1848-ல் இரண்டு ஊர்க்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். "உங்கள் வரியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்" என்று தங்களைச் சுதந்திர நகரங்களாக அறிவித்துக்கொண்டார்கள். எலுமிச்சையும் ஆலிவும் விளைவித்துப் பிழைத்த ஜனங்கள் அவர்கள். இளவரசரால் அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. கடைசியில் 1861-ல் மூன்றாம் சார்லஸ் என்ற இளவரசர் பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டு, 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டு இரண்டு ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். நாட்டின் பெரும்பகுதி அதோடு போயிற்று.

இப்போது அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விளைநிலம் போய்விட்டது, வரி கட்ட ஆளும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு பாறையும் ஒரு துறைமுகமும் கொஞ்சம் மேடும். வருமானத்துக்கு என்ன வழி? சூதாட்டம். மக்கள் அதிகம் போகாத ஒரு மேட்டில் 1863-ல் காசினோ திறந்தார்கள். அந்த மேட்டின் பழைய பெயர் ஸ்பெலூக், அதாவது குகைகள். "குகைக்கு வாங்க, சூதாட வாங்க" என்று கூப்பிட்டால் எந்தப் பணக்காரன் வருவான்? நம்மூரில் பொட்டல் காட்டில் மனை போட்டு "ராயல் கார்டன்" என்று போர்டு வைப்பார்களே, அதே வேலையை அவர்கள் 1866-லேயே செய்துவிட்டார்கள். புதுப்பெயர் வைத்தார்கள்: மொன்டே கார்லோ. இத்தாலிய மொழியில் சார்லஸின் மலை.

எந்த சார்லஸ்? ஊரை எழுதிக் கொடுத்தாரே, அதே மூன்றாம் சார்லஸ்!

எனக்கு இந்த இடத்தில் புல்லரித்துவிட்டது. எந்த மண்ணில் இன்று போட்டி நடக்கிறதோ, அந்த மண்ணைக் கொடுத்துவிட்டவர் பெயரில்தான் அந்தப் போட்டி நடக்கிறது. இதை வைத்து ஒரு வெப் சீரீஸே எடுக்கலாம், யாராவது எடுங்கள்.

இன்னும் இருக்கிறது. காசினோ கொட்டோ கொட்டு என்று கொட்ட, 1869-ல் இளவரசர் தன் மக்களுக்கு நேரடி வரிகளையே ரத்து செய்துவிட்டார். வரி தாங்காமல் பிரிந்து போனவர்கள் இன்று பிரான்ஸுக்கு வரி கட்டுகிறார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வருமான வரியே கிடையாது. சின்னர், மெத்வதேவ் என்று டென்னிஸ் நட்சத்திரங்களின் ஒரு பட்டாளமே மொனாக்கோவில் வீடு வைத்திருப்பதற்குக் கடல் காற்று மட்டும் காரணம் இல்லை என்பது உங்களுக்கே புரியும். வீட்டிலிருந்து கிளம்பி, பக்கத்து நாட்டுக்குப் போய் மேட்ச் ஆடிவிட்டு, சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு விஷயம், அதே காசினோவில் மொனாக்கோ குடிமக்கள் சூதாடக் கூடாது, சட்டப்படி தடை.

டென்னிஸ் எப்படி வந்தது? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி தொடங்கியது 1897. அந்தக் காலத்தில் இடம் கிடைத்த மொட்டை மாடியில் எல்லாம் ஆடியிருக்கிறார்கள். அன்றைய பெரிய நட்சத்திரம் சூசான் லாங்லென் ஒரு கார் ஷெட்டின் கூரையில் ஆடுவதைப் பார்த்த அமெரிக்கப் பணக்காரர் ஒருவர் மனசு கேட்காமல் இந்த கிளப்பைக் கட்ட வைத்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கிளப் திறந்தது 1928-ல்.

[திரையில்: தரையை நெருக்கமாகக் காட்டும் காட்சி]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி, தரை. நம் பத்திரிகைகளில் "களிமண் தரை" என்றே எழுதிப் பழகிவிட்டோம். இதன் மேலே களிமண் கிடையவே கிடையாது. மேலே இருப்பது செங்கல் பொடி! பழைய கொத்தனார்களைக் கேளுங்கள், சுர்க்கி என்பார்களே, அந்த வகையறா. அதுவும் ஓரிரு மில்லிமீட்டர்தான். அடியில் நசுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே ஜல்லி.

இதைக் கண்டுபிடித்ததும் இதே கடற்கரையில்தான் என்கிறார்கள். 1880 வாக்கில் ரென்ஷா சகோதரர்கள், விம்பிள்டனை ஆண்ட இரட்டையர்கள், இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி கான் நகரில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். வெயிலில் புல் கருகிப் போயிற்று. பக்கத்து வல்லோரிஸ் ஊர் குயவர்களுக்குப் பேர்போனது. அங்கே உடைந்து ஒதுக்கிய பானைகளைப் பொடித்துக் கொண்டுவந்து புல்லின் மேல் தூவினார்கள். உடைந்த பானையில் பிறந்த ஆட்டம் ஐயா இது.

ஒரு செட் முடிந்ததும் ஆட்கள் அகலமான வலையை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள், வயலில் பரம்படிப்பது போலவே இருக்கும். ஒருவர் துடைப்பத்தோடு வெள்ளைக் கோட்டை மட்டும் பெருக்கிக்கொண்டு போவார். நான் ஆட்டத்தைவிட அதைத்தான் அதிகம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பொடியில் பந்து வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். நடாலின் சுழல் அடி எதிராளியின் தோளுக்கு மேலே போனதன் ரகசியம் இதுதான். முன்பெல்லாம் பந்து பதிந்த தடத்தைப் பார்க்க நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவருவார். 2025 முதல் ஏடிபி எனும் ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் போட்டிகளில் அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம்தான். உங்களுக்கு எப்படி, கமென்டில் சொல்லுங்கள்.

நம் பங்கு ஏதாவது? உண்டு. 1982-ல் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் இங்கே ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடினார். அதற்குப் பிறகு ஓர் இந்தியர் அந்தச் சுற்றுக்கு வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுமித் நாகல் தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே வந்து முதல் ஆட்டத்தில் ஜெயிக்கவும் செய்தார். நடுவில் 2017-ல் ரோஹன் போபண்ணா இரட்டையர் கோப்பையையே வாங்கியிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: ஷெங்கன் விசா போதும், மொனாக்கோவுக்குத் தனி விசா வேண்டாம். மொனாக்கோவில் தங்காதீர்கள், சொத்தை எழுதி வாங்கிவிடுவார்கள். பக்கத்துப் பிரெஞ்சு நகரமான நீஸில் தங்குங்கள், ரயிலில் அரை மணிக்குள் வந்துவிடலாம். மொனாக்கோ ஸ்டேஷன் மலையைக் குடைந்து உள்ளே கட்டியது, வெளியே வரும் வழியைக் கண்டுபிடிப்பதே தனி விளையாட்டு. மேடு ஏற இறங்கத் தெருவிலேயே பொது லிஃப்ட் இருக்கிறது, காசு கிடையாது. டிக்கெட் விஷயத்தில், தகுதிச் சுற்று நடக்கும் தொடக்க வார இறுதிக்குப் போங்கள். விலை குறைவு, பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சைவக்காரர்களுக்கு நீஸில் சோக்கா கிடைக்கும், கொண்டைக்கடலை மாவில் சுடும் தடிமனான தோசை. மிளகுத் தூளைத் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் அட்டை.

இனி அந்த போன் கதை. மொனாக்கோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. தொலைபேசிக் குறியீடும் தனி, 377. நான் வாங்கிய சிம்மில் ஐரோப்பா முழுக்க நெட் இலவசம் என்று போட்டிருந்தது, மொனாக்கோ அந்தப் பட்டியலில் இல்லை. அரங்கில் உட்கார்ந்திருந்த ஐந்து மணி நேரமும் போன் இந்த நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. பேலன்ஸ் காலி. மேட்ச் லைவ் போடுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அன்று காணாமல் போனேனே, காரணம் இதுதான். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

[திரையில்: மரத்தால் கட்டிய சின்னக் குடில், கீழே கடல்]

அப்புறம், இந்தக் குடிலைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ரோக்ப்ரூனில், ரயில் பாதைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. சமையலறை கிடையாது, பக்கச் சுவரில் ஒரு கதவு, அதைத் திறந்தால் பக்கத்து ஓட்டல். இதைத் தனக்காகக் கட்டிக்கொண்டவர் நம் சண்டிகர் நகரத்தையே வடிவமைத்த லெ கொர்பூசியே. அடுத்த வீடியோ அந்தக் குடிலுக்குள்ளேதான்.